திருமலையில் எங்கே தங்குவது, எங்கே உண்பது?

மலையில் பிறந்து வளர்ந்த எமக்குக் கடல் என்றால் தனி ஆசை. ஓகஸ்ட் விடுமுறை வந்தால் போதும், புசல்லாவையிலிருந்து வேன்கள் புறப்பட்டுவிடும். கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று இறங்கி இறங்கித் திருகோணமலைக்குப் போய்ச் சேரும். போவதில் குறையில்லை. போன இடத்தில் எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று நாம் தீர்மானிக்கும் முறையில்தான் குறை இருக்கின்றது என்பது என் எண்ணம். யாராவது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். விலையைக் கேட்போம். அத்துடன் முடிந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் எமது குடும்பத்திலும் அப்படித்தான் நடந்தது. பதினொரு பேர், இரண்டு இரவுகள். "முழு வீடும் உங்களுக்குத்தான், குசினியும் இருக்கு" என்றார்கள். படத்தில் ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. போய்ப் பார்த்தால் கடலுக்கு இருபது நிமிட நடை! குசினி இருக்கின்றதே என்று அரிசி, தேங்காய், தூள் வகைகள் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். ஐந்து வேளைச் சாப்பாட்டில் நான்கு வேளையை உம்மாவும் சாச்சியும் சமைத்தார்கள். ராத்தாவும் நானும் தேங்காய் துருவினோம், கோப்பை கழுவினோம். ஆண்கள் மூன்று தடவை கடலில் குளித்தார்கள். முழங்கால் வருத்தம் உள்ள உம்மும்மா ஒரே ஒரு பின்னேரம் மட்டும் கால் நனைத்தார். அதுவும் சாச்சா வேனை மணல் வரை கொண்டுபோய் நிறுத்தியதால். திரும்பி வரும் வழியில் "செலவு குறைவுதான்" என்று வாப்பா சந்தோஷப்பட்டார். உம்மா எதுவும் சொல்லவில்லை.

வேனில் வருபவர்களில் யாருக்கு அதிகம் சிரமமோ, அவரை மனதில் வைத்தே தங்கும் இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். நான் விளங்கிக்கொண்டது இதைத்தான். மற்றவை இதற்குள் அடங்கும்.

முதலில் காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் தென்மேல் பருவக்காற்று எமது மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்ட கச்சான் காற்றாக இறங்குகின்றது. புசல்லாவையில் குடை பிடிக்கும் அதே நாளில் நிலாவெளியில் வெயில் கொளுத்துவது இதனால்தான். வாடைக் காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து ஜனவரி வரை, நிலைமை தலைகீழ். மழையும் கொந்தளிப்பும் அங்கே போய்விடும். ஆகவே டிசம்பர் விடுமுறைக்கு அறை மலிவாகக் கிடைக்கின்றது என்று திருமலைக்குப் போவது வீண். அப்போது காலி, பேருவளைப் பக்கம் போகலாம்.

இனி, திருமலை என்பது ஓர் இடமல்ல. நகரத்திலே தங்கினால் கடைகள் அருகில், பள்ளிவாசல் அருகில், கோட்டையும் கோணேசர் கோயிலும் அருகில். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்கள் நடுவே உலாவுவதைச் சிறு பிள்ளைகள் விரும்புவார்கள். ஆனால் குளிப்பதற்கு வேறிடம் போக வேண்டும். நகரத்திற்கு வடக்கே சுமார் 5 கிலோமீற்றரில் உப்புவெளி. வெளிநாட்டவர்கள் அதிகம், உணவகங்களும் அதிகம், சிலவற்றில் மதுவும் உண்டு. மேலும் 10 கிலோமீற்றர் போனால் நிலாவெளி. கரை நீண்டது, சனம் குறைவு, சுற்றிலும் முஸ்லிம் கிராமங்களும் உள்ளன. புறாத்தீவுக்குப் படகு ஏறுவதும் அங்கேதான். தெற்கே கிண்ணியா. முன்பு படகுப் பாதையில் கடந்த இடத்தில் 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. சாப்பாட்டுக்கு யோசிக்கவே தேவையில்லாத ஊர் அது. சிறு பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பம் என்றால், சீனன்குடாப் பக்கம் விமானப்படை பராமரிக்கும் மாபிள் பீச்சைப் பகலில் போய்ப் பார்க்கலாம். குடாவுக்குள் இருப்பதால் அலை குறைவு.

எமது குடும்பத்துக்கு நான் நிலாவெளியைத்தான் சொல்வேன். காரணம் சுபஹ் தொழுகை. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். சுபஹ் தொழுதுவிட்டு, வெளிச்சம் வரும் நேரத்தில் கரையில் அநேகமாக எவரும் இருப்பதில்லை. தூரத்தில் கரைவலை இழுப்பவர்கள் மட்டும் இருப்பார்கள். பெண்கள் கூச்சமில்லாமல் தண்ணீரில் இறங்கக்கூடிய நேரம் அதுதான். பத்து மணிக்குப் பிறகு நாம் மணலில் பைகளுக்குக் காவல் இருப்போம், அவ்வளவுதான். ஆகவே கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குவது எமக்கு ஆடம்பரமல்ல. (பருத்தி அபாயாவோடு ஆழத்திற்குப் போக வேண்டாம். நனைந்த துணியின் பாரம் காலை இழுக்கும். அலையில் விழுந்தால் எழும்புவது கடினம்.)

உம்மும்மாவின் விடயம் வேறு. 2004 டிசம்பர் 26ஐ அவர் மறக்கவில்லை. "கடலுக்குப் பக்கத்துல நான் படுக்க மாட்டேன் மகள்" என்கிறார். மேல்மாடி அறை எடுக்கலாம் என்றால் படி ஏற முழங்கால் விடாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தேடினால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். கரையோடு ஒட்டாமல், ஐந்தாறு நிமிட நடையில், கீழ்த்தளத்தில் ஓர் அறையாவது உள்ள இடம் வேண்டும். இப்படிக் கேட்டால் சில விடுதிக்காரர்கள் சிரிப்பார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

படத்தை நம்பாமல், வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாசலில் தொடங்கிக் கடல் வரை நடந்து எடுக்கச் சொன்னால் தூரம் பொய் சொல்லாது. குளியலறையின் நிலம் வழுக்குமா, நிறைய மணல் கழுவத் தண்ணீர் வருமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்கள். எமது குளிருக்குப் பழகிய உடம்புக்கு அங்கே இரவில் மின்விசிறி கட்டாயம் தேவை. நீச்சல் குளம் உள்ள இடமென்றால், உடம்பை மூடும் நீச்சலுடைக்கு அனுமதி உண்டா என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சில இடங்களில் மறுக்கிறார்கள். பணம் கட்டிய பின் அதற்காகச் சண்டை பிடிக்க முடியாது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்த இடமா என்று கேட்பதிலும் தவறில்லை. கிப்லாவை மட்டும் கேட்கத் தேவையில்லை. நிலாவெளியில் அது சற்று வடக்கே சாய்ந்த மேற்குத் திசைதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கடற்கரை ஊரில் மீன் தானே, எந்தக் கடையில் சாப்பிட்டால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். மீன் ஹலால்தான். ஆனால் அது பொரியும் எண்ணெயிலும், சுடும் அடுப்பிலும் அதற்கு முன் என்ன கிடந்தது என்பதும் முக்கியம். கேட்க வெட்கமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கின்றது. நகரத்துச் சைவக் கடைகளில் தோசையும் வடையும் மரக்கறிச் சோறும் கிடைக்கும். இறைச்சி பற்றிய கேள்வியே எழாது. நாங்கள் போனபோது சமைக்காத அந்த ஒரு வேளை சாப்பிட்டது அப்படியொரு கடையில்தான். பயணம் முழுவதிலும் உம்மா உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாறச் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான்.

மீன் வாங்கும்போது விலையை நன்றாகக் கவனியுங்கள். கரையோர உணவகங்கள் பலவற்றில் பட்டியலில் இருப்பது 100 கிராமின் விலை. மீனை உங்கள் கண்முன் நிறுத்து, மொத்தத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அதன்மேல் 10 சதவீத சேவைக் கட்டணமும், சில இடங்களில் 18 சதவீத வற் வரியும் சேரலாம். சூரை, கெலவல்லா போன்ற மீன்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், அவற்றிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பக்டீரியாக்கள் ஹிஸ்டமின் ஆக்கிவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பலர் அதை மீன் ஒவ்வாமை என்று நினைத்துவிடுகிறார்கள். மீன் ஐஸில் இருக்கின்றதா என்று பாருங்கள், வாயில் வைத்ததும் மிளகு போல் சுள்ளென்று இருந்தால் மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

சமையலறை உள்ள வீடே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தை இருந்தால் பால் காய்ச்சவாவது அடுப்பு தேவை. காலையில் கரைவலையில் வந்த மீனை வாங்கி ஒரு வேளை ஆக்குவதும் இனிமைதான். ஒரு வேளை! அதையும் முடிந்தால் வாப்பாவும் நானாமாரும் ஆக்கட்டும். பல இடங்களில் முதல் நாளே சொன்னால் வீட்டுக்காரரே இடியப்பமும் சொதியும் சம்பலும் செய்து தருவார்கள். பதினொரு பேருக்குச் சாமான் ஏற்றிப் போகும் செலவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதல்ல. வருகின்ற ஓகஸ்டுக்கு வாப்பாவிடம் அந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுக் காட்டியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. ஆனால் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வரும்போது கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் வாங்க மறக்க வேண்டாம். சட்டியை வேனின் பின்னால் வைக்காதீர்கள். கண்டி வரை ஒன்றும் ஆகாது. கம்பளை தாண்டிய பிறகு எமது வளைவுகளில் யாராவது மடியில்தான் வைத்திருக்க வேண்டும்.