சிரட்டையைத் தொடாத கருப்பட்டி



மார்த்தாண்டம் சந்தையில் கருப்பட்டி பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை ஒன்றைக் கையிலெடுத்து, வளைந்த பக்கத்தை உற்றுப் பாருங்கள். சிரட்டை நார் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கலாம். அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றினார்கள் அல்லவா? உறையும்போது பாகு சிரட்டையின் வளைவை வாங்கியது. நாரையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

கருப்பட்டியின் ருசிக்கு இதனால் குறைவில்லை. ஆனால், குறைக்கடத்திப் படிகத்துக்கு இதுதான் பெரிய தொல்லை!

செல்போன் சில்லுகள் சிலிக்கான் என்ற குறைக்கடத்தியின் படிகத்திலிருந்து வருகின்றன. பள்ளி அசெம்பிளியில் நீங்கள் நிற்பதுபோல, படிகத்தில் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கும். உருகிய குழம்பை மெல்ல ஆறவிட்டால் அணுக்கள் வந்து வரிசையில் சேரும். ஆனால், சிலிக்கான் உருக 1,414 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் குவார்ட்ஸ் பாத்திரத்தின் சுவரே கொஞ்சம் கரைந்து, அதிலுள்ள ஆக்சிஜன் குழம்பில் கலந்துவிடும். உறைந்த படிகம் சுவரில் ஒட்டிக்கொண்டால் இன்னொரு சிக்கல். ஆறும்போது படிகம் ஓர் அளவும் சுவர் வேறோர் அளவும் சுருங்கும். அந்த இழுபறியில் அணுவரிசை குலையும்.

பாத்திரமே வேண்டாம் என்றால்? 1950களில் அதற்கும் வழி பிறந்தது. சிலிக்கான் கோலை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதைச் சுற்றி ஒரு மின்சுருளை வைத்தார்கள். சுருளுக்கு நேரே உள்ள பகுதி மட்டும் உருகும். மேலும் கீழும் திடம், நடுவில் திரவம்! அது ஒழுகிவிடாமல் பிடித்து நிறுத்துவது பரப்பு இழுவிசை. இதன் பெயர் மிதக்கும் மண்டல முறை.

பாத்திரம் இருந்தும் படிகம் அதைத் தொடாமல் வளர முடியுமா? 1973-74இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் இண்டியம் ஆண்டிமனைடு என்ற குறைக்கடத்தியைக் குழாய்க்குள் உருக்கி உறைய வைத்தார்கள். இருட்டிலும் வெப்பத்தைக் காணும் அகச்சிவப்புக் கருவிகளுக்கு இது வேண்டும். அங்கே படிகத்தின் சில பகுதிகள் குழாய்ச் சுவரைத் தொடாமலே வளர்ந்திருந்தன!

இதைத் தரையிலேயே செய்ய முடியுமா? மும்பை மித்திபாய் கல்லூரியின் இயற்பியல் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். நெட்டுக்குத்தான குவார்ட்ஸ் குழாயில் ஆர்கான் வாயுவுடன் இதே பொருளை உருக்கி, கீழிருந்து மேலாக உறையவிட்டார்கள். மேலே உள்ள குழம்பு சுவரைத் தொடும், ஆனால் ஒட்டாது. உறையும் இடத்தில் அதன் விளிம்பு உள்வாங்கி வளையும். அதனால் அடியில் வளரும் படிகத்துக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழும். சுவரின் பிடியில்லாமல் வளர்ந்த படிகத்தில் குறைகளும் குறைவு.

ஒட்டாத திரவம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. தோட்டத்துச் சேம்பிலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். விளிம்பு இலையில் படியாமல் உள்பக்கமாக வளைந்து, சொட்டு முத்தாக உருளும். அதே சொட்டைச் சிரட்டையில் விட்டால் பரவிவிடும். இரண்டு விளிம்புகளையும் கண்ணை அருகே வைத்துப் பாருங்கள். படிகம் சுவரைத் தொடாமல் வளரும் சூட்சுமம் அந்த வளைவில்தான் இருக்கிறது.