ஒரே நோய், ஒரே ஊசி... ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை?

விரிஞ்சிபுரத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு தினமும் பஸ் ஏறும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வேலை நேரத்தில் ஐந்தாறு முறை பாத்ரூம் ஓட வேண்டியிருக்கிறது. மலத்தில் ரத்தம். ‘உடம்புச் சூடு’ என்று மோர் குடித்தார், ‘மூலம்’ என்று கை வைத்தியம் பார்த்தார். எடை குறைந்தபிறகு வேலூருக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்த்தால், குடல் முழுக்கப் புண். குடல் அழற்சி நோய் என்கிறார் டாக்டர். மாத்திரைகளுக்கு அடங்காவிட்டால் ‘பயாலஜிக்’ ஊசி போடலாம் என்கிறார்.

இந்த ஊசியை ஆளுக்கு ஏற்றபடி கொடுக்க வேண்டும் என்கிறார்களே, அது எப்படி?

பயாலஜிக் என்றால் என்ன?

குடல் அழற்சி நோயில் இரண்டு முக்கிய வகை: பெருங்குடலைத் தாக்கும் அல்சரேட்டிவ் கொலைடிஸ், குடலின் எந்தப் பகுதியையும் தாக்கும் கிரோன். இரண்டிலும் நம் நோய் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குகிறது. அதற்குத் தூபம் போடும் புரதங்களில் ஒன்று டிஎன்எஃப். உயிர் செல்களில் தயாராகும் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற மருந்துகள் அதைப் பிடித்துக் கட்டிப்போடுகின்றன. கிரோன் நோய்க்கு இன்ஃப்ளிக்சிமாப்பை அமெரிக்கா அனுமதித்தது 1998-ல். அடாலிமுமாப்பின் நகல் மருந்து இந்தியாவில் 2014-ல் வந்தது, விலையும் குறைந்தது.

முதல் கேள்வி: இது காசநோயா?

நம் ஊரில் சிகிச்சை தொடங்கும் இடம் இதுதான். குடல் காசநோயும் கிரோனும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கிரோன் என்று நினைத்து எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தால், காசநோய் உடம்பெல்லாம் பரவிவிடும். காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தால், அதற்குள் கிரோன் குடலைச் சுருக்கிவிடும்.

இதைப் பிரித்தறிய உதவிய முக்கியமான ஆய்வு ஒன்று வேலூர் சிஎம்சியிலிருந்தே வந்தது. குடலிலிருந்து கிள்ளி எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்த அங்குள்ள மருத்துவர்கள், 1999-ல் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். காசநோயில் கிரானுலோமா எனும் செல் முடிச்சுகள் பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும். கிரோனில் சிறிதாக, ஆங்காங்கே இருக்கும்.

நோய் கிரோன்தான் என்று உறுதியானாலும் வேலை முடியவில்லை. நுரையீரலில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருப்பதும் டிஎன்எஃப்தான். அதை அடக்கினால் கிருமி விழித்துக்கொள்ளும். அதனால்தான் ஊசிக்கு முன்பே மார்பு எக்ஸ்ரே, தோல் அல்லது ரத்தப் பரிசோதனை. கிருமி பதுங்கியிருந்தால், அதற்கு மருந்து தொடங்கிய பிறகே ஊசி. ஆபத்து அதிகமுள்ளவருக்கு, பெரும்பாலும் குடலில் மட்டும் வேலை செய்யும் வெடோலிசுமாப் பற்றி டாக்டர் யோசிக்கலாம்.

“ஆரம்பத்துல நல்லா கேட்டுச்சு, இப்ப கேக்கல டாக்டர்”

இன்ஃப்ளிக்சிமாப்பின் வழக்கமான அளவு எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம். முதல் நாள், 2-வது வாரம், 6-வது வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை. ஆனால், எல்லார் உடம்பும் மருந்தை ஒரே வேகத்தில் செலவழிப்பதில்லை. அழற்சி கடுமையாக இருந்தாலோ, ரத்தத்தில் அல்புமின் குறைந்தாலோ மருந்து சீக்கிரம் காலியாகும்.

எனவே, பலன் குறைந்தால் முதலில் வேறு கிருமித்தொற்று இல்லை, அழற்சிதான் என்று மலப் பரிசோதனையில் உறுதிசெய்வார்கள். பிறகு, அடுத்த ஊசிக்குச் சற்று முன் ரத்தத்தில் எவ்வளவு மருந்து மிச்சமிருக்கிறது என்று அளப்பார்கள். இன்ஃப்ளிக்சிமாப் என்றால் ஒரு மில்லிக்கு 5 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

- மருந்து குறைவு, அதற்கு எதிரான ஆன்டிபாடி இல்லை: அளவைக் கூட்டலாம், இடைவெளியைக் குறைக்கலாம்.
- மருந்து குறைவு, ஆன்டிபாடி அதிகம்: உடம்பு மருந்தையே எதிரியாக்கிவிட்டது. மருந்தை மாற்ற வேண்டும்.
- மருந்து போதுமானது, நோய் அடங்கவில்லை: இவருடைய நோய்க்கு டிஎன்எஃப் மட்டும் காரணமல்ல. வேறு வழியில் செயல்படும் மருந்து தேவை.

மரபணுவைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா?

பயாலஜிக்கைப் பொறுத்தவரை இன்னும் முடியவில்லை. பிரிட்டனில் 386 கிரோன் நோயாளிகளிடம் நடந்த ‘புரொஃபைல்’ ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. ரத்தத்தில் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்து சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது பலன் தரவில்லை. ஆனால், தொடக்கத்திலேயே இன்ஃப்ளிக்சிமாப் கூட்டு சிகிச்சை பெற்றவர்களில் 79% பேருக்கு, ஸ்டீராய்டோ அவசர அறுவை சிகிச்சையோ இல்லாமல் நோய் ஓராண்டு வரை அடங்கியிருந்தது. படிப்படியாக மருந்தைக் கூட்டியவர்களில் அது 15% மட்டுமே.

இன்னொரு மரபணு சோதனை நம்மவர்களுக்கு உதவும். ஊசியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் அசதயோபிரின் மாத்திரையால், நட்15 மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளை அணுக்கள் வேகமாகச் சரியும். ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் இந்தத் தொடர்பை 2014-ல் கண்டறிந்தவர்கள் கொரிய ஆய்வாளர்கள்.

நாள் தள்ளிப் போட்டால்?

“இப்ப நல்லாத்தானே இருக்கு, அடுத்த சம்பளத்துல போட்டுக்கலாம்” என்று தோன்றும். ஊசிச் செலவோடு அன்றைய கூலியும் போகும்போது அது நியாயமான கவலைதான். ஆனால், விட்டுவிட்டுப் போடும்போது ஆன்டிபாடி உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. பிறகு அதே ஊசி ஒவ்வாமை தரலாம், கேட்காமலே போகலாம். எனவே, முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்: “எத்தனை மாசம் போடணும், மொத்தம் எவ்வளவு ஆகும், நகல் மருந்து இருக்கா, காப்பீட்டுல கிடைக்குமா?” உங்கள் எடையைப் போலவே, உங்கள் வருமானமும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். தொடர முடிகிற சிகிச்சைதான் உங்களுக்கேற்ற சிகிச்சை.