வாங்கி விற்றால் குற்றம்!

சந்தையில் வாங்கிய சரக்கை அதே சந்தையில் லாபம் வைத்து விற்பது குற்றமா? இக்கேள்வியைக் கேட்டால் நம் மண்டிகளில் சிரிப்பார்கள். ஆனால் இங்கிலாந்தில் இதற்குச் சிறைத் தண்டனை இருந்தது. இச்செயலைக் குறித்த சட்ட வினைச்சொல் 'ரிகிரேட்'. இன்று அகராதியில் மட்டுமே தென்படும் சொல் இது.

ஆறாம் எட்வர்ட் மன்னர் காலத்தில், 1552-இல் வந்த சட்டம் மூன்று செயல்களைத் தடுத்தது. சந்தைக்கு வரும் சரக்கை வழியிலேயே மடக்கி வாங்குவது 'ஃபோர்ஸ்டால்'. தானியம், மீன், வெண்ணெய் போன்றவற்றைச் சந்தையில் வாங்கி, அங்கேயோ நான்கு மைலுக்குள் உள்ள சந்தையிலோ விற்பது 'ரிகிரேட்'. மறுவிற்பனைக்காக மொத்தமாக வளைத்துப் போடுவது 'என்கிராஸ்'. முதல் முறை பிடிபட்டால் 2 மாதச் சிறை. சரக்கின் மதிப்பும் பறிபோகும். மூன்றாம் முறை என்றால் ஊரார் முன் மரச்சட்டத்தில் பூட்டி நிறுத்துவார்கள்; உடைமை முழுவதும் போய்விடும்.

கை மாறக் மாற விலை ஏறும், ஏழைக்குப் பண்டம் எட்டாது என்பதே இதற்குக் காரணம். இந்த அச்சத்தை, பில்லி சூனிய பயத்துக்கு ஒப்பிட்டார் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் (1776). அதற்கு முன்பே, 1772-இல், நாடாளுமன்றம் அச்சட்டத்தை நீக்கியிருந்தது.

ஆயினும் வழக்காற்றுச் சட்டம் மிச்சமிருந்தது. பஞ்ச காலமான 1800-இல், ஜான் ரஸ்பி என்னும் லண்டன் தானிய வியாபாரி 41 ஷில்லிங் வீதம் 90 குவார்ட்டர் ஓட்ஸ் வாங்கி, அன்றே 30 குவார்ட்டரை 44 ஷில்லிங்குக்கு விற்றார். லாபம் நூற்றுக்கு ஏழு சொச்சம்தான்! ஜூரிகள் குற்றவாளி என்றனர். ஆத்திரமுற்ற கூட்டம் அவர் வீட்டைத் தாக்கியது. பின்னர் இது குற்றமா என்பதில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் தண்டனை விதிக்கப்படவில்லை. 1844-இல் மூன்று குற்றங்களும் அடியோடு ஒழிக்கப்பட்டன.

மளிகைக்காரரைக் குறிக்கும் 'குரோசர்' என்ற சொல்லும், 'என்கிராஸ்' என்ற சொல்லும் 'மொத்தம்' என்னும் பொருளுடைய ஒரே வேரில் பிறந்தவை. ஒன்று தொழிலாயிற்று, மற்றது குற்றமாயிற்று.

நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம், கையிருப்புக்கு வரம்பு விதிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. வாங்கி விற்பது வேறு, பதுக்குவது வேறு. தட்டுப்பாட்டு நாளில் அந்த வேறுபாட்டை எடுத்துக்காட்ட நம்மிடம் இருப்பவை கொள்முதல் பில்லும் இருப்புப் பதிவேடும்தான். வணிகப் பெருமக்களே, அவற்றை அன்றாடம் எழுதி வைப்போம்!