ஸ்பாடினா வீதியில் ஒரு தாய்மொழி இல்லம்

புளோர் வீதிக்குச் சற்று வடக்கே, ஸ்பாடினா நிலக்கீழ் ரயில் நிலையத்துக்கு அருகே, 16ஆம் இலக்கக் கட்டடத்தை எம்மவரிற் பலர் கடந்து சென்றிருப்பர். அகதி விண்ணப்பப் பத்திரங்களுடன் சட்டத்தரணியிடம் ஓடும் அவசரத்தில் பெயர்ப்பலகையை நின்று வாசிக்க எவருக்கு நேரம்? அதுதான் ரொறன்ரோ பூர்வீகக் கனடியர் நிலையம்.

இந்நிலையம் பிறந்த கதை எமக்கு அந்நியமானதன்று. வேலையும் கல்வியும் தேடி ஊர்விட்டு இந்நகருக்கு வந்த பூர்வீக மக்கள், தம்மவரைச் சந்திக்க இடமின்றி 1950களில் சிறு கழகமாகக் கூடத் தொடங்கினர். 1962இல் அது முறையான நிலையமாயிற்று. மேளம், நடனம், கைவினை என்பவற்றோடு ஒஜிப்வே, கிறீ மொழி வகுப்புகளும் அங்கு நடைபெற்று வந்துள்ளன. ரொறன்ரோ கிறீ மக்களின் சொந்த மண் அன்று. ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியிலிருந்து மேற்கே புல்வெளி மாகாணங்கள் வரை பரந்தது அவர்களது நிலம். ஆகவே இந்நகரில் அவர்களும் ஒருவகையில் ஊர்விட்டு வந்தோரே.

எம்மை வியப்பில் ஆழ்த்துவது அவர்களது எழுத்து. தமிழில் ககர வரிசை எழுதக் காலும் கொம்பும் விசிறியும் சேர்க்கின்றோம். கிறீ எழுத்திலோ எழுத்தே திரும்பி நிற்கும். அடிப்படை வடிவங்கள் ஒன்பது; ஒவ்வொன்றும் நான்கு திசை நோக்கும்; திசை மாற உயிரொலி மாறும். மனிற்றோபாவின் நோர்வே ஹவுசில் ஜேம்ஸ் இவான்ஸ் என்னும் பாதிரியார் 1840இல் இதனை அச்சேற்றினார். தேயிலைப் பெட்டி ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்தார். புகைக்கரியையும் மீனெண்ணெயையும் குழைத்து மை செய்தார். தேவநாகரியின் சாயல் இதில் உண்டென்பர் ஆய்வாளர் சிலர். கிறீ முதியோரோ, தம் முன்னோர் ஒருவர் ஆவியுலகிலிருந்து கொண்டுவந்த எழுத்து இது என்பர்.

இத்தகைய மொழிக்குத்தான் கொடுமை நேர்ந்தது. அரசும் திருச்சபைகளும் நடத்திய வதிவிடப் பாடசாலைகளில் 150,000க்கும் அதிகமான பூர்வீகப் பிள்ளைகள் அடைக்கப்பட்டனர். தாய்மொழி பேசிய குற்றத்துக்கு அடி விழுந்தது. இறுதிப் பாடசாலை 1990களிலேயே மூடப்பட்டது; எம்மவர் இங்கு வந்து குடியேறிய அதே ஆண்டுகளில்! அரசு மன்னிப்புக் கோரியது 2008இல்.

2021 குடிசன மதிப்பீட்டின்படி கிறீ மொழிகளிற் பேச வல்லோர் சுமார் 86,000 பேர். கனடாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் தொகை இதனிலும் பெரிது. எம் பிள்ளைகளைத் தமிழ் பேசியதற்காக இங்கு எவரும் அடிப்பதில்லை. அம்மம்மாவும் வீட்டிலேயே இருக்கின்றார். ஆயினும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுசெல்ல மாத்திரம் எமது வாகனங்களுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. கிறீ மக்களிற் பலரோ, பெற்றோரிடம் பறிக்கப்பட்ட மொழியை, வளர்ந்த பின்னர் வகுப்பில் அமர்ந்து முதலெழுத்திலிருந்து கற்கின்றனர்.

வின்னிபெக்கிலுள்ள உறவினருக்கு முகவரி எழுதும்போது நாம் எழுதுவதும் கிறீச் சொல்லே. கலங்கிய நீர் என்பது அதன் பொருள். அடுத்தமுறை ஸ்பாடினாவில் இறங்கினால் அந்தக் கதவைத் திறந்து, 'தானிசி' என்று சொல்லிப் பாருங்கள். நாம் 'சுகமா?' என்று கேட்குமிடத்து அவர்கள் வழங்கும் சொல் அது.