கடைசிப் பெட்டியில் எழுதிய கடிதம்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு லக்ஷ்மிபாய் நகர் பக்கம் நடந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து இளையராஜா பாட்டு காதில் விழாமல் போகாது. சென்ற ஞாயிறன்று அடியேன் போயிருந்த வீட்டில் டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது 'கிழக்கே போகும் ரயில்'. ரயில்வே குமாஸ்தாவுக்கு அந்தப் பெயரே போதாதா? பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

1978 ஆகஸ்டில் வெளிவந்த படம் இது. 'பதினாறு வயதினிலே'க்குப் பிறகு பாரதிராஜா இயக்கியது. தயாரிப்பு அதே எஸ்.ஏ.ராஜ்கண்ணு. ராதிகாவுக்கு இதுதான் முதல் படம். கதாநாயகன் சுதாகர். அல்லிநகரத்துக்காரரும் பண்ணைப்புரத்துக்காரரும் சேர்ந்து, தாங்கள் வளர்ந்த மண்ணைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்த காலம் அது.

அதற்குக் கொஞ்சம் முன்பு நம் ஊர் டீக்கடைகளில் ஒலித்தது என்ன தெரியுமோ? 'ஆராதனா', 'பாபி' என்று இந்திப் பாட்டுத்தான். 1976ல் 'அன்னக்கிளி' வந்துதான் அதை மாற்றியது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியதும் அதே 1976தான். அந்த வண்டியில் ஏறி இந்தி பேசும் ஊருக்கு வந்தவர்களின் பெட்டிக்குள் தமிழ்ப் பாட்டு காஸெட் இருந்தது என்பது வேடிக்கை. பாரதிராஜாவே 'பதினாறு வயதினிலே'யை 1979ல் 'சோல்வா சாவன்' என்று இந்தியில் எடுத்துப் பார்த்தார். ஸ்ரீதேவி அதிலும் நடித்தார். இசை ஜெய்தேவ். படம் ஓடவில்லை. மயிலின் கிராமம் இந்திக்குப் பெயரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

'கிழக்கே போகும் ரயில்' கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஊருக்கு வந்து சேர்ந்த பாஞ்சாலிக்கும், முடி திருத்துபவரின் மகன் பரஞ்சோதிக்கும் காதல். கவிதை எழுதும் அவனை ஊர் வாழ விடவில்லை. வெளியூர் போனவன், தன் செய்தியை ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதி அனுப்புகிறான். தண்டவாளத்தருகே அவள் காத்து நிற்கிறாள். உத்தியோகம் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கடைசிப் பெட்டியில் இருக்க வேண்டியது பெருக்கல் குறியும் 'எல்.வி.' பலகையும்தான். யாராவது காதல் கடிதம் எழுதினால் எங்கள் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள்! ஆனால் எஸ்.ஜானகியின் பூவரசம்பூ பாட்டில் அந்த ரயில் ஓட்டம் தாளமாகவே கேட்கும்போது, சட்ட நினைவெல்லாம் ஓடிப்போகிறது. கிளியையும் மேகத்தையும் தூது விட்ட தமிழ், அந்தப் பாட்டில் ரயிலைத் தூது விடுகிறது. மலேசியா வாசுதேவன் குரலும் இந்தப் படத்தில்தான் நம் மனதில் நன்றாக ஊன்றியது. கடல் கடந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் தொண்டையில் அத்தனை கரிசல் வாசம் எங்கிருந்து வந்ததோ!

ஒரு குறையும் உண்டு. பாட்டுக்கள் இனித்ததில் படம் சொன்ன கசப்பை மறந்துவிட்டோம். சாதிக்காக அவமானப்படுத்துவதும், ஒரு கன்னிப் பெண்ணை ஆடையின்றி ஊர் சுற்றச் சொல்வதும் இந்தப் படத்தில்தான் இருக்கின்றன. அதை யாரும் முணுமுணுப்பதில்லை.

இனி அந்த வீட்டுக் கதை. பெரியவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். 1976ல் மத்திய சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக வந்து ஓய்வு பெற்றவர். இப்போது மகனுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் இருக்கிறார். பேத்தி பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள்.

"கல்யாணம் ஆன புதுசு தம்பி. இவ ஊர்ல எங்க அம்மாகூட இருந்தா. எழுத்து வாசனை கிடையாது. இன்லண்டு லெட்டர் போட்டா பலசரக்குக் கடைப் பையன்தான் திண்ணையில உக்காந்து சத்தமா வாசிப்பான். அம்மா, அக்கா, அக்கம்பக்கம் எல்லாரும் கேப்பாக. நான் என்னத்த எழுத? நலம், நலமறிய ஆவல், மழை உண்டா, மாடு கன்னு போட்டுச்சா. அவ்வளவுதான்."

1978 தீபாவளிக்கு லீவில் போனவர் மனைவியோடு இந்தப் படத்தைப் பார்த்தார். "அந்தப் பய ஊரே பாக்கிற மாதிரி ரயில்லயே எழுதுறான். நான் ஒட்டுன கவருக்குள்ள எழுத முடியலையேன்னு வெக்கமாப் போச்சு." திரும்பியதும் சிலேட்டு வாங்கினார். மிச்சமிருந்த லீவு நாட்களில் இரவு அரிக்கேன் விளக்கடியில் அ, ஆ. அவர் டில்லி திரும்பிய பிறகு அதே பலசரக்குக் கடைப் பையன் மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

"ஆமா, பெருசாச் சொல்லிக் குடுத்தாக! மெய்யெழுத்து வரைக்கும்தான். மிச்சம் நானாப் படிச்சது" என்று காபி டம்ளருடன் வந்த அம்மாள் சொன்னார்.

திரையில் ரயில் வந்தது. பேத்தி பெட்டியில் இருந்த எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் பாட்டி படித்துவிட்டார்.

அந்த அம்மாள் தம் கையால் எழுதிய முதல் கடிதம் 1979 மாசியில் டில்லிக்கு வந்து சேர்ந்ததாம். நாலே வரி. பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கிறது என்றார் பெரியவர். பத்திரிகைக்காரன் புத்தி, காட்டுங்களேன் என்றேன்.

"அத மட்டும் கேக்காதீக தம்பி. கடைப் பையன் படிக்கக் கூடாதுன்னு எழுதினது."