சாயத்தை வெளுக்கும் பூஞ்சை

மழைக்காலத்தில் தோப்பில் விழுந்து கிடக்கும் மரக்கட்டையைப் புரட்டிப் பாருங்கள். சில இடங்களில் கட்டை வெளுத்து, நார் நாராகப் பிய்ந்து வரும். வெண்ணழுகல் பூஞ்சைகளின் வேலை அது. மரத்துக்கு விறைப்பையும் பழுப்பையும் தரும் லிக்னினைச் சிதைப்பதில் இவற்றை விஞ்ச ஆளில்லை. நாம் வாங்கிச் சமைக்கும் சிப்பிக் காளானும் இந்தக் கூட்டம்தான்.

லிக்னின் என்பது தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் பென்சீன் வளையங்கள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்ற கணக்கு அங்கே செல்லாது. அதனால் லாக்கேஸ், பெராக்சிடேஸ் போன்ற நொதிகளைப் பூஞ்சை உடலுக்கு வெளியே சுரந்து, எதிர்ப்படும் வளையங்களிலிருந்தெல்லாம் எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. பெரும்பாலான செயற்கைச் சாயங்களிலும் பென்சீன் வளையங்கள் உண்டு, அவையும் தப்புவதில்லை. 1983-ல் கிளென், கோல்ட் என்ற ஆய்வாளர்கள் பெனரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையைக் கொண்டு இதைக் காட்டினார்கள். ரெமசால் நீலம் என்ற சாயம் கலந்த அகார் தட்டில் பூஞ்சையை வைத்தால், சில நாளில் அதைச் சுற்றி வெளிறிய வட்டம் ஒன்று விரியும். புதிதாகக் கிடைத்த பூஞ்சைக்குத் திறமை உண்டா என்று ஆய்வகங்கள் இன்றும் இப்படித்தான் பார்க்கின்றன.

பாக்டீரியாவாலும் சாயம் வெளுக்கும். ஆனால் காற்றில்லாத தொட்டியில் அசோ வகைச் சாயங்களை அவை உடைக்கும்போது அரோமாட்டிக் அமீன்கள் மிஞ்சும். அவற்றில் சில புற்றுநோய் தருபவை. லாக்கேஸ் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை.

பிறகு ஏன் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் தொட்டிதோறும் பூஞ்சை இல்லை? பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற, லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரைகூட உப்பு போடுகிறார்கள், பிறகு சோடா. கழிவு கடும் காரமாக வரும். பூஞ்சைக்கோ லேசான புளிப்பு வேண்டும், பிஹெச் 5-ஐ ஒட்டி. வேலைக்கு நாள்கணக்காகும், அதற்குள் கழிவில் உள்ள பாக்டீரியா பெருகிப் பூஞ்சையை அமுக்கிவிடும். ஆய்வகத்தில் கிருமி நீக்கிய குடுவையில் கிடைத்த வெற்றி பட்டறையில் பலிக்காமல் போவது இதனால்தான். பூஞ்சையை விட்டுவிட்டு, நொதியை மட்டும் பிரித்தெடுத்துச் சிறு மணிகளில் பதித்துப் பயன்படுத்தும் முயற்சி எனக்கு நம்பிக்கை தருகிறது. விலைதான் இடிக்கிறது.

நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்கே பெரும் பங்கு. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, உப்பைப் பிரிக்கும் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கிகளும் இல்லாமல் பட்டறை நடத்த வழியில்லை என்றானது. பூஞ்சை நிறத்தை எடுக்கும். ஒரு கிராம் உப்பைக்கூட எடுக்காது. காளான் போட்டால் ஆறு சுத்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால், வெளியேறும் தண்ணீரில் கரைந்துள்ள திடப்பொருளின் மொத்த அளவு, அதாவது டிடிஎஸ், எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.