'மினிமம்ஸ்!' என்று ஒரு குரல்... இறங்குவதா, மேலே போவதா? தெரியுமா?

டிசம்பர், ஜனவரிப் பனியில் டெல்லிக்குப் பறந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டு, 'அப்பாடா, வந்தாச்சு' என்று நிமிரும் நேரம் பார்த்து, விமானம் உறுமிக்கொண்டு மறுபடியும் மேலே கிளம்பும். அந்த நேரத்தில் காக்பிட்டில் நடப்பதைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

● பனி எவ்வளவு அடர்த்தி என்று யாரும் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை, தெரியுமா? பெரிய விமான நிலையங்களில் ரன்வேயின் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் கருவிகள் அளந்துகொண்டே இருக்கும். ரன்வேயில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்ற அந்த அளவுக்குப் பெயர் ஆர்.வி.ஆர். தொடக்கத்தில் 600 மீட்டர், கடைசியில் 300 மீட்டர் என ஒரே ரன்வேயில் மூன்று விதமாகக்கூட இருக்கும்!

● 1,000 அடி உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று உண்டு! அதற்கு மேலே இருக்கும்போதே ஆர்.வி.ஆர். இறங்கத் தேவையான வரம்புக்குக் கீழே போய்விட்டால், விமானி அந்த முயற்சியைத் தொடரவே கூடாது. கோட்டைத் தாண்டிய பிறகு குறைந்தால்? தொடரலாம்! பனி அதேதான், ரன்வே அதேதான். தகவல் வந்த உயரம்தான் வேறு.

● தொடரலாம், ஆனால் எதுவரை? 'டெசிஷன் ஹைட்' எனும் முடிவெடுக்கும் உயரம் வரை! கருவிகளின் வழிகாட்டலில் இறங்கும் சாதாரண ஐ.எல்.எஸ். முறையில் அது 200 அடி. அங்கே வந்ததும் கணினிக் குரல் 'மினிமம்ஸ்' என்று அறிவிக்கும். அதற்குள் ரன்வேயோ அதன் விளக்குகளோ தெரிந்திருந்தால் இறங்கலாம். இல்லையென்றால் 'கோ-அரவுண்ட்', அதாவது மறுபடியும் மேலே! இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்ப்போமே என்ற பேச்சுக்கே இடமில்லை. மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் அங்கிருந்து தரையைத் தொட சுமார் 17 விநாடிதான்!

● இறங்குவதற்கு ரன்வே முழுவதும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! அடர்பனியில் இறங்குவதற்கான கேட்-3ஏ முறையில், வரிசையாக மூன்றே மூன்று விளக்குகள் தெரிந்தால் போதும்!

● எல்லாவற்றையும்விட ஏமாற்றுக்காரப் பனி எது தெரியுமா? தரையோடு தரையாகப் படுத்திருக்கும் மெல்லிய பனி! 2,000 அடியிலிருந்து செங்குத்தாகப் பார்க்கும்போது ரன்வே விளக்குகள் பளிச்சென்று தெரியும். இறங்கி அந்தப் படலத்துக்குள் சாய்வாக நுழைந்ததும் அத்தனையும் மாயம்! இறங்கலாம் என்று முடிவெடுத்த பிறகும் பார்வை மறைந்தால், மேலே போவதுதான் விதி.

● டெல்லியில் வெறும் 50 மீட்டர் பார்வையிலும் விமானம் இறங்குகிறது! போயிங் 777-300இ.ஆர். விமானத்தின் நீளமே சுமார் 74 மீட்டர். விமானத்தின் நீளம்கூட முன்னால் தெரியாத நிலையில் இறக்குவது யார்? ஆட்டோ பைலட்! விமானிகள் இருவரும் அதைக் கண்காணித்தபடி காவல் காப்பார்கள். பயணிகளோடு முதல் தானியங்கித் தரைதொடல் 1965 ஜூன் 10 அன்றே நடந்துவிட்டது. பாரிஸிலிருந்து லண்டன் வந்த ட்ரைடென்ட் விமானம் அது!

● இதைவிட வேடிக்கை, இறங்க 50 மீட்டர் போதும். கிளம்பவோ 125 மீட்டர் வேண்டும்! இறங்கும்போது ஆட்டோ பைலட் பார்த்துக்கொள்கிறது. கிளம்பும்போது விமானிதான் நடுக்கோட்டு விளக்குகளைக் கண்ணால் பார்த்து நேராக ஓட்டியாக வேண்டும். அதனால்தான் கடும் பனியில் சில நேரம் டெல்லியில் விமானங்கள் வந்துகொண்டே இருக்கும், எதுவும் கிளம்பாது!

● பக்கத்தில் இருக்கும் ஜூனியர் விமானியும் 'கோ-அரவுண்ட்' சொல்லலாம், தெரியுமா? சொல்லிவிட்டால், எத்தனை வருட அனுபவமுள்ள கேப்டனானாலும் மேலே ஏற்றுவதுதான் முறை. விவாதமெல்லாம் அப்புறம்! எஞ்சின் முழு வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும் என்பதால், மிகத் தாழ்வில் முடிவெடுத்தால் சக்கரம் ஒரு முறை தரையைத் தொட்டுவிட்டுக்கூட விமானம் ஏறலாம். அதுவும் கணக்கில் உள்ளதுதான்!

● 'மேலேயே சுற்றினால் எரிபொருள் தீர்ந்துவிடாதா?' கவலை வேண்டாம். மாற்று விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அதற்கு மேல் 30 நிமிடம் வட்டமடிக்க ஒரு பங்கு. இவ்வளவும் இல்லாமல் விமானம் கிளம்பவே கூடாது!

● டெல்லிக்குப் பனி என்றால் சென்னைக்குப் போகி! 2018 போகியன்று பனியோடு புகையும் சேர்ந்து ரன்வேயை மூடியதில், சென்னைக்கு வந்த பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. நம் தெருவில் எரியும் பழைய டயருக்கும் மேலே வட்டமிடும் விமானத்துக்கும் இவ்வளவு நெருங்கிய தொடர்பு!

அடுத்த முறை உங்கள் விமானம் இறங்காமல் மேலே கிளம்பினால், விமானிக்கு இறக்கத் தெரியவில்லை என்று முணுமுணுக்காதீர்கள். வேலை தெரிந்த விமானி செய்வது அதுதான். அப்படியே, வரும் போகிக்கு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாமல் விடுங்கள்!